யுரேனியத்தின் சிதைவு வேகத்தைத் தடங்களை எண்ணி அளக்க முடியுமா?

கேள்வி இது: யுரேனியம்-238-இன் அரை ஆயுள் ஏறக்குறைய 447 கோடி ஆண்டு என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அத்தனை காலம் யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. பிறகு எப்படி அந்த எண் கிடைத்தது? சிதைவில் பறக்கும் துகள்களால் மைக்காவிலும் பிளாஸ்டிக்கிலும் பதியும் தடங்களை எண்ணியே சிதைவு வேகத்தைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே, அது உண்மையா? முதுகலை ஆய்வகத்தில் செய்து பார்க்கலாமா?

உண்மைதான், செய்தும் பார்க்கலாம். ஆனால் எண்ணுவதுதான் இதில் கடினமான வேலை என்று நினைத்துக்கொண்டு இறங்காதீர்கள். எண்ணுவது சலிப்பான வேலை, அவ்வளவுதான். உண்மையான சிக்கல் வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. அந்த இடத்தில் நல்ல நல்ல ஆய்வகங்களே கிட்டத்தட்ட 20 சதவீதம் பிசகி, பல பத்தாண்டுகள் சண்டை போட்டிருக்கின்றன. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் காத்திருப்பு விஷயம். அரை ஆயுளை அளக்க அரை ஆயுள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கிராம் யுரேனியம்-238-இல் சுமார் 2.53 × 10²¹ அணுக்கள் இருக்கின்றன. அதிலிருந்து நொடிக்குச் சுமார் 12,400 ஆல்ஃபா துகள்கள் கிளம்புகின்றன. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஓர் அணு ஒரு நொடியில் சிதைவதற்கான வாய்ப்பு கிடைக்கும். அதுதான் சிதைவு மாறிலி. 0.693-ஐ அதனால் வகுத்தால் அரை ஆயுள் வந்துவிடும். ஆக, தெரிய வேண்டியவை மூன்று: எத்தனை அணு இருந்தது, எத்தனை சிதைந்தது, எவ்வளவு நேரத்தில். அணுக்களின் எண்ணிக்கை பிரம்மாண்டமாக இருப்பதால், ஒவ்வொன்றும் எவ்வளவு சோம்பேறியாக இருந்தாலும் நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஏதோ நடந்துகொண்டே இருக்கிறது.

சரி, எது நடக்கிறது? யுரேனியம்-238 இரண்டு வழியில் போகிறது. ஒன்று, ஆல்ஃபாவை உமிழ்ந்து தோரியம்-234 ஆவது. இன்னொன்று, வெளியிலிருந்து எந்த நியூட்ரானும் வந்து இடிக்காமல் தானாகவே இரண்டு துண்டாகப் பிளப்பது. இரண்டாவதற்குத் தன்னியல்புப் பிளவு என்று பெயர். இது மிக மிக அபூர்வம்: சுமார் 18 லட்சம் ஆல்ஃபா சிதைவுக்கு ஒரு பிளவு. மேலே சொன்ன அதே ஒரு கிராமில் ஒரு மணி நேரத்தில் 4.48 கோடி ஆல்ஃபா கிளம்பும். பிளவு நடப்பதோ 24 அல்லது 25 தடவை.

இந்த அபூர்வச் சங்கதியை முதலில் பிடித்தவர்கள் சோவியத் நாட்டின் ஃப்ளியோரோவும் பெத்ர்ஷாக்கும். 1940-இல் அயனியாக்க அறையை (துகள் கடந்தால் மின்துடிப்பு தரும் கருவி) வைத்துப் பார்த்தபோது நியூட்ரான் மூலம் எதுவும் இல்லாமலேயே பிளவுத் துடிப்புகள் வந்தன. காஸ்மிக் கதிர்தான் காரணமோ என்ற சந்தேகத்தைத் தீர்க்கக் கருவியை மாஸ்கோ மெட்ரோவின் தினாமோ நிலையத்துக்கு, தரைக்குக் கீழே, கொண்டுபோனார்கள். அங்கேயும் துடிப்பு குறையவில்லை. அப்படி உறுதியானதுதான் தன்னியல்புப் பிளவு.

ஆல்ஃபா பக்கத்தில் இன்றைய தர எண், 446.8 கோடி ஆண்டு, 1971-இல் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வகத்தில் ஜாஃபியும் கூட்டாளிகளும் எடுத்தது. எடை துல்லியமாகத் தெரிந்த மெல்லிய யுரேனியப் பூச்சுகளை விகிதமுறை எண்ணிகளில் (துகள்களை எண்ணும் வாயுக் கருவிகள்) வைத்து, ஆயிரத்தில் ஒரு பங்கு பிழையளவில் அளந்தார்கள். தடம் எண்ணும் முறை அந்தத் துல்லியத்துக்குப் பக்கத்தில்கூட வராது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தடப் பதிவுக்குச் சொந்தமான களம் தன்னியல்புப் பிளவு. அங்கே சாதாரண எண்ணிக்கு உள்ள தொல்லை, பதினெட்டு லட்சம் பேர் கூட்டத்தில் ஒரே ஒருவரைத் தேடும் தொல்லை. மைக்காவுக்கு அந்தத் தொல்லை இல்லை. மைக்காவின் கண்ணுக்கு ஆல்ஃபா தெரியாது!

அது எப்படி என்றால்: பிளவில் கிளம்பும் இரண்டு துண்டுகளும் கனமானவை, மின்னூட்டம் மிகுந்தவை, இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 170 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். மைக்காவுக்குள் பாய்ந்தால் போகிற வழியெங்கும் அணுக்களை இடம்பெயர்த்து, சில நானோமீட்டர் அகலத்தில் ஒரு சேதக் கோடு போட்டுவிட்டு, 10 மைக்ரான் தூரத்தில் நின்றுவிடும். ஆல்ஃபா போடுகிற சேதம், மைக்காவில் தடம் பதியத் தேவையான குறைந்தபட்ச அளவைத் தொடாது. சிஆர்-39 என்ற பிளாஸ்டிக் (கண்கண்ணாடி வில்லைக்குப் பயன்படும் அதே பொருள்) அப்படியல்ல. அதில் ஆல்ஃபா, புரோட்டான்கூடப் பதியும். 1978-க்குப் பிறகுதான் அது தடப் பதிவுக்கு வந்தது. எனவே பிளவை அளக்க மைக்கா அல்லது பாலிகார்பனேட் பிளாஸ்டிக், ஆல்ஃபாவை அளக்க சிஆர்-39 என்பது வசதியான பங்கீடு.

சேதக் கோட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. அமிலமோ காரமோ ஊற்றினால் சேதமான வழியை அது வேகமாகத் தின்னும், சேதமில்லாத பரப்பை மெதுவாகத் தின்னும். கோடு குழியாக விரியும். 1958-இல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் யங் என்பவர் லித்தியம் ஃப்ளூரைடு படிகத்தில் இதைக் காட்டினார். அடுத்த ஆண்டே அங்கேயே சில்க், பார்ன்ஸ் இருவரும் மைக்காவில் பிளவுத் தடங்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அதை எல்லோரும் சாதாரண நுண்ணோக்கியில் பார்க்கும்படி எளிதாக்கி, ஒரு துறையாகவே வளர்த்தவர்கள் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடியில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் இருந்த ஃப்ளைஷர், பிரைஸ், வாக்கர் மூவர்.

அரிப்பு வேகங்கள் இரண்டு உண்டு என்றேனே, அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓர் எல்லைக் கோணத்துக்கும் குறைவாக, பரப்பை உரசிக்கொண்டு மிகச் சாய்வாக நுழையும் துண்டின் தடத்தை, பரப்பின் பொது அரிப்பே முந்திக்கொண்டு தின்றுவிடும்; அது பதிவாகாது. மெல்லிய பூச்சிலிருந்து வரும் துகள்களில் பதிவாகும் பங்கு, 1-இலிருந்து 'பொது அரிப்பு வேகம் ÷ தட அரிப்பு வேகம்' என்ற விகிதத்தைக் கழித்தால் வருவது. பிளவுத் துண்டுக்கு மஸ்கோவைட் மைக்காவில் இந்த எல்லைக் கோணம் சுமார் 4.5 டிகிரி, அதாவது 92 சதவீதம் பதியும். சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியில் எல்லைக் கோணம் 50 டிகிரி அளவு. நான்கில் ஒன்றுகூடத் தேறாது. எந்தப் பொருளில் எண்ணுகிறோம் என்பது இவ்வளவு முக்கியம்.

இனி செய்முறை. ஒரு யுரேனியத் தகட்டின் மேல் மைக்காவை ஒட்டி வைத்துக் கட்டி, அலமாரியில் வைத்துவிடுவதுதான் சோதனை. தடித்த தகட்டில் எல்லா ஆழத்திலும் பிளவு நடக்கும், ஆனால் மேல் 5, 6 மைக்ரானில் நடப்பவற்றின் துண்டு மட்டுமே வெளியே வரும். தடங்களின் அடர்த்தி = ½ × ஒரு கன செ.மீ.யில் உள்ள அணுக்கள் × பிளவு மாறிலி × துண்டின் வீச்சு (நிற்கும் முன் யுரேனியத்துக்குள் அது போகும் தூரம்) × காலம். எண்களைப் போட்டுப் பாருங்கள்: 4.8 × 10²² அணு, ஆண்டுக்கு 8.5 × 10⁻¹⁷, வீச்சு 5.3 மைக்ரான். ஆண்டு முழுதும் வைத்தால் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய ஆயிரம் தடம், அதாவது நாளுக்கு மூன்று. ஒரு சதவீதத் துல்லியத்துக்குப் பத்தாயிரம் தடம் வேண்டும் (எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் பிழை). 10 சதுர செ.மீ. மைக்கா வைத்தாலும் பதினோரு மாதம் ஆகும். முதுகலை மாணவருக்கு ஒரே பருவத்தில் இது முடியாது. மூன்று நான்கு சதவீதத்தோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

மைக்காவிலேயே ஒரு பழைய கணக்கு இருக்கும். பூமியில் பல கோடி ஆண்டு கிடந்த கனிமம் அது. தன்னுள் உள்ள சொற்ப யுரேனியத்தின் பழைய தடங்களைச் சுமந்திருக்கும். அவற்றை 500 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் சூடாக்கி அழிக்கலாம். நான் விரும்புவது இன்னொரு வழி: யுரேனியத்தோடு வைப்பதற்கு முன்பே மைக்காவை நீண்ட நேரம் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் அரித்துவிடுவது. பழைய தடங்கள் பெரிய, தட்டையான குழிகளாகிவிடும். சோதனை முடிந்தபின் இரண்டாவது தடவை கொஞ்ச நேரம் அரித்தால் புதிய தடங்கள் சின்னதாக, கூர்மையாக வரும். தாத்தாவும் பேரனும் மாதிரி, குழப்பமே வராது.

நுண்ணோக்கியில் 400 மடங்கில் முதலில் வெறும் சாம்பல் வெளிதான் தெரியும். ஃபோகஸ் திருகை முடி அளவு நகர்த்தினால் சாய்சதுரமாக வெட்டிய முந்திரி கேக் துண்டு போல ஒரு குழி எழுந்து வரும். மஸ்கோவைட்டின் படிக அமைப்பே குழிக்கு அந்த வடிவத்தைத் தருகிறது. இன்னும் கொஞ்சம் திருகினால் அதன் மூலையிலிருந்து ஒரு மெல்லிய நூல் சாய்வாகக் கீழே இறங்குவது தெரியும். அந்த நூல் இருந்தால் அது தடம், இல்லாவிட்டால் கீறலோ குறைபாடோ. கட்டத்தின் இடது, மேல் கோடுகளைத் தொடும் குழியைச் சேர்ப்பது, வலது, கீழ்க் கோடுகளைத் தொடுவதை விடுவது என்று விதி வைத்துக்கொள்ள வேண்டும். நான் முதன்முதலில் எண்ணியபோது ஒரே பரப்பில் எனக்கு 212 வந்தது, பக்கத்தில் இருந்த நண்பருக்கு 231. இருவரும் சத்தியம் செய்யாத குறை. அவர் நூல் இல்லாத ஆழமற்ற குழிகளையும் சேர்த்திருந்தார். யார் சரி என்பதைவிட, வெறும் பார்வை வித்தியாசம் ஒன்பது சதவீதம் வரை போகும் என்பதுதான் அன்று எனக்கு உறைத்தது.

அப்புறம், மேலே சொன்ன சூத்திரத்தில் வீச்சு என்ற ஒன்று இருந்ததே, அது நச்சுப் பிடித்த எண். யுரேனியத் தகட்டின் மேல் கறுப்பு ஆக்சைடு படலம் ஏறியிருந்தால் மேல் அடுக்கின் அணுக்களும் மாறும், வீச்சும் மாறும். இதைத் தாண்ட ஒரு அழகான உபாயம் உண்டு. அதே தகட்டை, அதே வகை மைக்காவை, அணு உலையின் வெப்ப நியூட்ரான்களில் (வேகம் தணிந்த நியூட்ரான்கள்) காட்டுங்கள். இப்போது யுரேனியம்-235 பிளக்கும். துண்டுகளின் வீச்சும் அமைப்பின் வடிவமும் எண்ணுபவரின் கண்ணும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டு தட அடர்த்திகளையும் வகுத்தால் இவையெல்லாம் அடிபட்டுப்போகும். மிஞ்சுவது: தன்னியல்புத் தடம் ÷ தூண்டிய தடம் = (பிளவு மாறிலி × காலம்) ÷ (235-க்கும் 238-க்கும் உள்ள விகிதம் × பிளவுக் குறுக்குவெட்டு × மொத்த நியூட்ரான் பாய்வு).

பாய்வு என்பது ஒரு சதுர செ.மீ.யைக் கடந்த மொத்த நியூட்ரான்களின் எண்ணிக்கை. விகிதம் 137.9-இல் ஒன்று. குறுக்குவெட்டு (நியூட்ரானால் அணுக்கரு பிளக்கும் வாய்ப்பின் அளவு) சுமார் 584 பார்ன்; ஒரு பார்ன் என்பது 10⁻²⁴ சதுர செ.மீ. ஆறு மாதம் அலமாரியில் இருந்த தகட்டுக்கு இணையான தடங்களை உலையில் உண்டாக்க ஒரு சதுர செ.மீ.க்கு 10⁷ நியூட்ரான் போதும். உலைக் கணக்கில் இது கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதனால் வழக்கமாக 10¹⁰ அளவு கொடுத்து, ஐந்து லட்சம் தடம் வரவைத்து எண்ணுவது வசதி. 10¹² கொடுத்தால் குழி மேல் குழி விழுந்து எண்ணவே முடியாது. காரியம் முடிந்ததுபோலத் தோன்றுகிறது, இல்லையா? கோளாறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. வீச்சு, வடிவம், ஆக்சைடு எல்லாவற்றையும் விரட்டிவிட்டு, அவற்றின் பாரம் முழுவதையும் ஒரே ஓர் எண்ணின் தலையில் ஏற்றிவிட்டோம்: நியூட்ரான் பாய்வு.

அதை எப்படி அளப்பது? தங்கத் தகடு ஒன்றையும் கூடவே வைப்பார்கள். தங்கம்-197 நியூட்ரானை விழுங்கித் தங்கம்-198 ஆகும். அதன் அரை ஆயுள் 2.7 நாள். 412 ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் காமாவை எண்ணினால் பாய்வு தெரியும். ஆனால் 98.7 பார்ன் என்ற தங்கத்தின் குறுக்குவெட்டும், 584 என்ற யுரேனியத்தின் குறுக்குவெட்டும் நொடிக்கு 2,200 மீட்டர் வேகத்து நியூட்ரானுக்கு உரியவை. உலையில் அந்த வேகத்தில் மட்டுமா ஓடுகின்றன? நியூட்ரான்கள் கொஞ்சம் சூடாக இருந்தாலே எண் மாறும். வெப்ப நிலையைத் தாண்டிய நியூட்ரான்களைத் தங்கம் ஒரு மாதிரியும் யுரேனியம் வேறு மாதிரியும் விழுங்கும். வேகமான நியூட்ரான் இருந்தால் யுரேனியம்-238-உம் பிளந்து கணக்கைக் கெடுக்கும். தங்கம் மேல் தட்டிலும் மைக்கா கீழ்த் தட்டிலும் இருந்தால் இடைப்பட்ட தூரத்திலேயே பாய்வு சில சதவீதம் வேறுபடும். இத்தனையையும் திருத்தி முடித்தவர்தான் நல்ல பாய்வு எண்ணைச் சொல்ல முடியும்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். 1964-இல் ஃப்ளைஷரும் பிரைஸும் யுரேனியம்-238-இன் தன்னியல்புப் பிளவு மாறிலி ஆண்டுக்கு 6.85 × 10⁻¹⁷ என்று வெளியிட்டார்கள். 1968-இல் ஆர்கோனில் ராபர்ட்ஸ், கோல்ட், அர்மானி மூவரும் மைக்காவில் 7.03 எடுத்தார்கள். அதேசமயம் சுவிட்சர்லாந்தின் பெர்னில் ஹான் என்பவரின் குழு வேறு கருவியோடு உட்கார்ந்திருந்தது. அது சுழலும் குமிழி அறை. யுரேனியச் சேர்மம் கரைந்த மிகைச்சூடான திரவத்தில் பிளவு நடந்தால் அந்த இடத்தில் ஒரு குமிழி பொங்கும், ஆல்ஃபாவுக்குப் பொங்காது. யுரேனியம் திரவத்தின் உடம்பு முழுதும் பரவியிருப்பதால் வீச்சுத் திருத்தம் இல்லை, தப்பித்துப்போகும் துண்டும் இல்லை, நியூட்ரான் பாய்வும் தேவையில்லை. 1967-இல் ஸ்பாடவெக்கியாவும் ஹானும் 8.42 என்றார்கள், 1970-இல் கல்லிக்கர், ஹூகன்டோப்ளர், ஹான் 8.46 என்றார்கள், 0.06 பிழையோடு. முன்னதாக 1952-இல் செக்ரே சொன்னதும் 8.6 சுற்றித்தான்.

இரண்டு கூடாரம் அமைந்துவிட்டது. 7-இன் கட்சி, 8.5-இன் கட்சி. இடைவெளி 20 சதவீதம். ஒவ்வொருவரும் போட்டுக்கொண்ட பிழையோ ஒன்று முதல் மூன்று சதவீதம். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை, இரண்டு கட்சியும் பாறைகளின் வயதைச் சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது! பாறைக்குள் சேர்ந்த பிளவுத் தடங்களை எண்ணி அதன் வயதைச் சொல்லும் முறைக்குப் பிளவுத் தட வயதுக் கணிப்பு என்று பெயர். அதில் வயது என்பது 'பாய்வு ÷ பிளவு மாறிலி' என்ற விகிதத்தைத்தான் நம்பியிருக்கிறது. ஒருவரது ஆய்வகத்தின் பாய்வு அளவீடு 20 சதவீதம் குறைத்துக் காட்டுகிறது என்று வையுங்கள். அவர் 8.5-ஐப் போட்டால் வயது குறைவாக வரும், பாறை வயதைக் காணும் இன்னொரு முறையான பொட்டாசியம்-ஆர்கான் முறையோடு ஒத்துப்போகாது. 7-ஐப் போட்டால் கச்சிதமாக ஒத்துப்போகும். உடனே '7 தான் சரி, பாறையே சாட்சி' என்பார். தராசும் பிசகு, படிக்கல்லும் பிசகு. எடை மட்டும் சரியாக நின்றது. பாய்வை நன்றாக அளந்த ஆய்வகத்தில் 8.5 அதே பாறைக்கு அதே வயதைத் தந்தது. இதனால் பாறை வயதை வைத்து மாறிலியைத் தீர்மானிக்க முயன்ற வேலைகளை நான் சாட்சியாகவே எடுத்துக்கொள்வதில்லை. எல்லாப் பழியும் பாய்வின் மேல்தான் என்றும் சொல்ல மாட்டேன். எண்ணும் திறன், வீச்சு ஆகியவையும் சில வேலைகளில் பங்கு வகித்திருக்கும். ஆனால் முதல் குற்றவாளி யார் என்று கேட்டால் என் விரல் பாய்வைத்தான் காட்டும்.

சண்டை எவ்வளவு முற்றியது என்றால், 1976-இல் புவியியலாளர்கள் கூடிச் சிதைவு மாறிலிகளுக்குப் பொது எண்களை ஏற்றபோது ஆல்ஃபா மாறிலிகளை முடிவு செய்தார்கள், பிளவு மாறிலிக்கு எந்த எண்ணையும் பரிந்துரைக்கவில்லை.

தடம் எண்ணுபவர்களின் பக்கத்திலிருந்தே 8.5-க்கு ஆதரவு வந்தது இன்னும் சுவையான கதை. பொஹீமியாவில் 1830-களில் இருந்தே யுரேனியம் கலந்த மஞ்சள், பச்சைக் கண்ணாடிச் சாமான்கள் செய்தார்கள். செய்த ஆண்டு தெரிந்த அப்படி ஒரு கண்ணாடி, தானே சோதனைக்கூடம்: உள்ளே யுரேனியம், பதிவுப் பொருளும் அதுவே, காலம் நூறு ஆண்டுக்கு மேல். எடையில் ஒரு சதவீதம் யுரேனியம் இருந்தால் நூறு ஆண்டில் உள்பரப்பின் ஒரு சதுர செ.மீ.யைக் கடக்கும் துண்டுகள் ஐந்நூற்றுச் சொச்சம். மேலே சொன்ன கோண இழப்பு போக மிச்சத்தை எண்ணலாம். அலமாரியில் ஆறு மாதம் காத்திருக்கும் வேலையை யாரோ ஒரு பாட்டியின் அலமாரி நமக்காகச் செய்து வைத்திருக்கிறது. 1975-இல் வாக்னரும் கூட்டாளிகளும், 1976-இல் தீல், ஹெர் இருவரும் வெளியிட்ட எண்கள் 8.7, 8.57. கண்ணாடியில் ஒரு குறை உண்டு: அறை வெப்பத்திலேயே தடங்கள் மெல்ல மங்கிச் சுருங்கும்; அதற்குத் திருத்தம் வேண்டும். 1981-இல் பிரேசிலில் ஹாட்லரின் குழு 8.6 எடுத்தது. அந்தக் கட்டுரையின் பெயர்ப் பட்டியலில் சேசர் லாட்டெஸ் இருக்கிறார்; 1947-இல் புகைப்படப் பாலடுக்கில் தடங்களைப் பார்த்து பையான் என்ற நுண்துகளைக் கண்டுபிடித்த குழுவில் இருந்த அதே லாட்டெஸ்.

2000-இல் சர்வதேச வேதியியல் ஒன்றியத்துக்காக ஹோல்டனும் ஹாஃப்மனும் எல்லா அளவீடுகளையும் அலசி, தன்னியல்புப் பிளவின் அரை ஆயுள் 8.2 × 10¹⁵ ஆண்டு என்று பரிந்துரைத்தார்கள். நம் கணக்கில் 82 கோடி கோடி ஆண்டு. மாறிலியாகச் சொன்னால் 8.5 சுற்று. இன்று நீங்கள் ஓர் எண்ணைப் பயன்படுத்த வேண்டும் என்றால் இதைத்தான் பயன்படுத்துங்கள்.

பாறை வயதுக்காரர்கள் அதற்குள் வேறு பாதையில் போய்விட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் ஹர்ஃபோர்டும் கிரீனும் முன்வைத்த ஸீட்டா முறையில், வயது தெரிந்த தரக் கனிமத்தை (கொலராடோவின் ஃபிஷ் கேன்யன் எரிமலைச் சாம்பல் பாறை, மெக்சிகோவின் துராங்கோ அபடைட்) நம் மாதிரியோடு சேர்த்து உலையில் வைத்து, பிளவு மாறிலி, குறுக்குவெட்டு, பாய்வு, எண்ணுபவரின் கண் எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் கட்டிவிடுகிறார்கள். வேலைக்கு உதவும் தந்திரம். ஆனால் மாறிலியை அளக்க வந்த உங்களுக்கு அது உதவாது, ஏனென்றால் அது அந்தக் கேள்வியையே கேட்காமல் தாண்டுகிறது.

சரி, உங்கள் ஆய்வகத்துக்கு வருவோம். உலை வசதி இல்லாதவர்களுக்கு நான் சொல்வது: பிளவை விட்டுவிடுங்கள், சிஆர்-39-இல் ஆல்ஃபா மாறிலியை அளவிடுங்கள். கல்லூரிக்கு வரும் யுரேனைல் நைட்ரேட்டிலிருந்து எடை தெரிந்த நீர்த்த கரைசலை ஒரு வட்டத் தகட்டில் சொட்டி உலர்த்தி, 10 மைக்ரோகிராம் யுரேனியத்தை ஒரு சதுர செ.மீ.யில் பரப்புங்கள். ஆல்ஃபாவை அதே படிவு விழுங்காத அளவு மெல்லியதாக இருக்க வேண்டும். விளிம்பில் வளையமாகத் திரண்டால் சோதனை போச்சு. அதன் மேல் சிஆர்-39 துண்டைப் படிய வையுங்கள். ஒரு மணி நேரத்தில் பிளாஸ்டிக் பக்கமாக 450-ஐ ஒட்டி ஆல்ஃபா வரும். பத்து மணி நேரம் வைத்தால் போதும். 6.25 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் 70 டிகிரியில் ஆறு மணி நேரம் அரித்துக் கழுவி எண்ணுங்கள். நீர்த்தொட்டியின் வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரி நகர்ந்தாலே குழியின் விட்டம் மாறிவிடும். எனக்கு ஒரு முறை இரவில் தொட்டியின் மூடி விலகிக் கிடந்து, ஒரு வாரத்து வேலை வீணாகியது. பதிவுத் திறனைச் சூத்திரத்திலிருந்து எடுக்காமல், நொடிக்கு எத்தனை ஆல்ஃபா தரும் என்று தெரிந்த தர ஆல்ஃபா மூலத்தை அதே துண்டு வகையில், அதே தொட்டியில் பதிவு செய்து எடுங்கள். யுரேனியத்தோடு வைக்காத ஒரு வெற்றுத் துண்டையும் கூடவே அரியுங்கள். அறையின் ரேடான் வாயு போட்ட தடங்களை அதில் எண்ணி, உங்கள் எண்ணிக்கையிலிருந்து கழிக்கலாம்.

மைக்காவில்தான் செய்வேன் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தோலில் பட்டால் உடனே வலிக்காமலும் இருக்கும். உள்ளே போய் எலும்பின் கால்சியத்தைப் பிடிக்கும். கால்சியம் குளூக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத ஆய்வகத்தில் அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள், தனியாகவும் செய்யாதீர்கள். யுரேனியச் சேர்மமும் இந்தியாவில் 1962-இன் அணுசக்திச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். துறையில் அதற்கான பதிவேடும் பொறுப்பாளரும் இருப்பார்கள், அவர்கள் வழியாகத்தான் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று, ஏனென்றால் ஒவ்வொரு ஆண்டும் யாராவது இதில் விழுகிறார்கள். கணக்கு முடிந்து அரை ஆயுள் 223 கோடி ஆண்டு என்று, சரியான விடையில் பாதியாக வந்தால், எண்ணியதில் தப்பு இல்லை. இயற்கை யுரேனியத்தில் 0.0055 சதவீதமே உள்ள யுரேனியம்-234, யுரேனியம்-238-இன் வம்சத்தில் வந்தது. சமநிலையில் அதுவும் 238 எத்தனை ஆல்ஃபா தருகிறதோ அத்தனை தரும். இரண்டின் ஆற்றல் 4.2, 4.77 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். சிஆர்-39 குழியை வைத்து இவற்றைப் பிரிப்பது சிரமம். நடுவில் உள்ள தோரியமும் புரோடாக்டினியமும் பீட்டாதான் தருகின்றன, அவை பதியாது. எனவே ஆல்ஃபா எண்ணிக்கையை இரண்டால் வகுத்தால் விடை வந்துவிடும் என்று அவசரப்பட வேண்டாம். கடையில் கிடைக்கும் யுரேனியச் சேர்மம் பல சமயம் செறிவூட்டலில் மிஞ்சிய வறிய யுரேனியத்திலிருந்து செய்தது. அதில் 235-ஓடு சேர்ந்து 234-உம் பெரும்பாலும் உருவப்பட்டிருக்கும். 238-இன் ஆல்ஃபாவுக்கு மேல் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதலாக வரும். அப்படிப்பட்ட புட்டியை வைத்து அளந்தால் விடை 370, 380 கோடி ஆண்டு என்று இரண்டுங்கெட்டானாக நிற்கும். எண்ண ஆரம்பிக்கும் முன் புட்டியின் சீட்டைப் படியுங்கள். சீட்டில் எதுவும் இல்லையென்றால், ஆல்ஃபா நிறமாலைமானி உள்ள யாரிடமாவது ஒரு தகட்டைக் கொடுத்து இரண்டு சிகரங்களின் உயரத்தைக் கேட்டு வாங்கி வாருங்கள்.